அலுவலக மேடையில் உருவான உடல்: தாராபுரம் நாகேஷின் நடிப்பு

கொழுமம், மடத்துக்குளம், கணியூர் என்று இறங்கிவரும் அமராவதி, தாராபுரத்தைக் கடந்து கரூருக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. இந்த ஆற்றுப் பாசன வட்டாரமும் அதையொட்டிய மானாவாரிக் காடுகளும் தமிழ்த் திரைக்கு மூன்று பெரிய கலைஞர்களைத் தந்திருக்கின்றன: பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி, தாராபுரத்தில் பிறந்த நாகேஷ், உடுமலைக்கு அருகே வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணி. மூவரையும் ஒரே மூச்சில் சொல்லி, நையாண்டி இந்த மண்ணின் குணம் என்று முடிப்பது எங்கள் பகுதி மேடைப்பேச்சில் வழக்கம். ஊர்ப்பாசத்தில் பிறந்த இந்தக் கூற்றை மற்ற இருவருக்கும் ஓரளவு பொருத்திப் பார்க்கலாம். நாகேஷுக்கு அது பொருந்தாது. அவருடைய நடிப்பு 1950களின் சென்னையில், வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் நடத்திய அமெச்சூர் நாடக மேடையில் உருவானது. அந்த மேடையின் நெருக்கடிகளே அவர் உடலின் வேகத்துக்கும் அவர் ஏற்ற பாத்திரங்களின் தன்மைக்கும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பேச்சிலிருந்தே தொடங்கலாம். கவுண்டமணி வாயைத் திறந்தால் கொங்குத் தமிழ் வந்து நிற்கும். ஏளனத்துக்கும் அதட்டலுக்கும் அந்தப் பேச்சின் இழுப்பே அவருக்கு ஆயுதம். நாகேஷின் படங்களில் அந்த வட்டார வழக்கு அடையாளமாக நிற்பதில்லை. அவர் வீட்டில் பேசியது கன்னடம், மாத்வக் குடும்பம். மாத்வத் துறவி வியாசராயர் நிறுவியதாக வழங்கும் காடு அனுமந்தராய சுவாமி கோயில் தாராபுரத்தில் இருக்கிறது. அந்த ஊரில் மாத்வர்களின் வாழ்வு பழையது. ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் இரட்டை வேடத்தில் ஒன்றுக்குத் தூத்துக்குடிப் பேச்சைப் பேசினார். அதைக் கேட்டவர்கள் அவர் கொற்கைக் கரைக்காரர் என்றே நம்பியிருப்பார்கள். மற்றபடி அவர் பேசியது சென்னை நடுத்தர வீடுகளின் பேச்சு. ஊர்மொழியைச் சுமந்து வராதவர் எந்த வழக்கையும் எடுத்து உடுத்திக்கொள்ள முடிந்தது. மண்வாசனை என்ற விளக்கம் இங்கேயே தடுமாறுகிறது.

1933 செப்டம்பர் 27 அன்று பிறந்த நாகேசுவரன் இளமையில் பெரியம்மைக்கு ஆளானார். தழும்புகள் முகத்தில் தங்கின. வேலை தேடிச் சென்னைக்குப் போய் ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தார். ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரனாக மிகச் சில நிமிடம் வந்து போனதும், தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்தச் சில நிமிடத்தைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டியதும் பலரும் அறிந்த செய்தி. அதில் நான் கவனிக்க விரும்புவது வேறு. அந்த வேடத்தில் கதையே இல்லை. இருந்தது ஓர் உடலும் ஒரு வலியும் மட்டும். வசனத்தில் சிரிப்பை எழுதித் தர ஆளில்லாத இடத்தில் உடலைக் கொண்டு அதை உண்டாக்கியாக வேண்டும். இதுவே அவருடைய முதல் பாடம் என்று கொள்ள இடமிருக்கிறது.

அன்றைய திரையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதை ஒட்டிக் கிளைத்த பாய்ஸ் கம்பெனிகளும் சிறுவர்களைப் பத்து வயதுக்கு முன்பே எடுத்துக்கொண்டன. கம்பெனி வீட்டில் சாப்பாடு, வாத்தியாரின் பிரம்பு, பாடம், பாட்டு, வசன மனப்பாடம், ஊர் ஊராகக் கொட்டகை. டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், எம்.என். நம்பியார், ஏ.பி. நாகராஜன் எல்லாரும் இந்த உலையில் வார்க்கப்பட்டவர்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய பயிற்சி அது. கடைசி வரிசைத் தரைடிக்கெட்டுக்காரனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். ஆகவே குரல் விரிந்தது. சொல்லுக்குச் சொல் நிறுத்தம் வந்தது. உடல் ஒரு நிலையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றது.

அலுவலக நாடகம் வேறு பொருளாதாரம். ஒய்.ஜி. பார்த்தசாரதி குழுவினரின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952இல் தொடங்கியது. கே. பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். அவருடைய ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழுவில் நாகேஷ், சுந்தர்ராஜன், ஸ்ரீகாந்த் போன்றவர்கள் இருந்தார்கள். பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. சிறிய சபா மேடை, பெரும்பாலும் ஒரே அரங்கம்: ஒரு வீட்டுக் கூடம், ஒரு ஆஸ்பத்திரி அறை. காட்சிக்குக் காட்சி அரண்மனையும் காடும் மாற்றிக் காட்டக் காசில்லை. பாட்டுக்கு வாத்திய கோஷ்டியும் கட்டுப்படியாகாது. எனவே வசனம் அடர்ந்தது. வசனம் அடர்ந்தால் மேடை பட்டிமன்றமாகிவிடும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்திலிருந்து நாடகத்தைக் காப்பாற்ற, ஓயாமல் அசைகிற ஒருவர் தேவைப்பட்டார். தியாகராய நகர் கிளப் ஹவுஸில் கவிஞர் வாலியோடும் ஸ்ரீகாந்தோடும் அறையைப் பங்குபோட்டுக்கொண்டு பசியும் பட்டினியுமாகக் கிடந்த இளைஞர் அந்த இடத்தை நிரப்பினார். நாற்காலியில் உட்காருவதைக்கூட ஒரு நிகழ்ச்சியாக்கிவிடும் அந்த உடல், ஒரே அரங்கம் என்ற பற்றாக்குறைக்கு நாடகம் கண்ட விடை.

இரண்டு பள்ளிகளும் ஒரே சட்டகத்துக்குள் சந்தித்த இடங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளியும். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) ஆழியாறு பக்கத்தில், நமக்குக் கூப்பிடு தூரத்தில் படமானது. அதில் எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக டி.எஸ். பாலையா; ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கிப் படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். மகன் அப்பாவுக்கு ஒரு பேய்க்கதை சொல்கிறான். நாகேஷ் அங்கே நடிகர், இயக்குநர், பின்னணி ஒலி எல்லாமாக மாறுகிறார். கதவு கிறீச்சிடுவதும் காலடி கேட்பதும் அவர் வாயிலிருந்தே வருகின்றன. அரங்கப் பொருள் ஏதுமில்லாமல் ஒரு முழு வீட்டையும் ஓர் இரவையும் கட்டி எழுப்புவது அமெச்சூர் மேடைக்காரனின் கைப்பழக்கம். எதிரே பாலையா ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1936இல் ‘சதி லீலாவதி’யிலேயே திரைக்கு வந்துவிட்ட மூத்தவர் அவர். கண்ணும் கன்னமும் தாடையும் மட்டும் படிப்படியாகப் பயத்துக்குள் இறங்குகின்றன. காட்சியின் புகழ் முழுவதையும் நாகேஷுக்குக் கொடுப்பது அநீதி. பாலையாவின் அசையாமை இல்லையென்றால் நாகேஷின் அசைவு வெறும் சேஷ்டையாகிப் போயிருக்கும்.

அடுத்த ஆண்டு வந்த ‘திருவிளையாடல்’ (1965) இன்னும் வலுவான சான்று. இயக்கியவரும் நக்கீரராக நடித்தவரும் ஏ.பி. நாகராஜன், சிவபெருமான் சிவாஜி. இருவரும் கம்பெனித் தமிழின் உச்சிக்குப் போகிறார்கள். எதுகையும் மோனையும் சந்தியும் பிசகாத அந்தப் பேச்சுலகத்துக்குள், ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்டுக் கோயில் மண்டபத்தில் தனியே புலம்பிக்கொண்டு நுழைகிறார் தருமி. நாகேஷ் புராண காலத்துப் புலவராகப் பேசவில்லை. வாடகை பாக்கி வைத்திருக்கும் மயிலாப்பூர்க் குமாஸ்தாவின் படபடப்போடு பேசுகிறார். குரல் விழுவதும் ஏறுவதும் செய்யுள் ஓசைக்குக் கட்டுப்படுவதில்லை, பசிக்குக் கட்டுப்படுகின்றன. முதுகு வளைகிறது, கைகள் மார்புக்கு வந்து வந்து விலகுகின்றன. கேள்வி கேட்கத் தொடங்கும்போது இருக்கிற தைரியம் முடிப்பதற்குள் கரைகிறது. சிவாஜி நிமிர்ந்து நின்று ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொல்லச் சொல்ல, பழைய மேடையும் புதிய மேடையும் ஒன்றையொன்று அளந்து பார்க்கின்றன. நாகராஜன் என்ற கம்பெனிக்காரர் இந்த எதிர்ப்பேச்சைத் தன் படத்துக்குள் அனுமதித்ததும், சிவாஜி அதை விரும்பி ஏற்றதும் அவர்களுடைய பெருந்தன்மைக்குச் சாட்சி. தருமி நம்மவனாக இருப்பதால்தான் சிவன் நமக்குத் தெய்வமாகத் தெரிகிறார்.

தருமி ஒரு தேவைக்காரன். நாகேஷின் சிறந்த வேடங்களை வரிசைப்படுத்தினால் இந்தத் தேவை தொடர்ந்து வருவதைக் காணலாம். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் ஆஸ்பத்திரி ஊழியர். ‘சர்வர் சுந்தரம்’ (1964) ஓட்டல் சர்வர். ‘மேஜர் சந்திரகாந்த்’ (1966) தையல்காரர். ‘எதிர்நீச்சல்’ (1968) மாது, பல குடித்தன வீட்டில் மாடிப்படியை அண்டிக் கிடந்து, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் தரும் மிச்சத்தைத் தின்று, கல்லூரியில் படிக்கும் அநாதை. அதே ஆண்டு ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் வந்த சவடால் வைத்தியும் பெரிய மனிதர்களின் ஆசைகளுக்குத் தரகு பார்த்துப் பிழைக்கிறவனே. நல்லவன், கெட்டவன் என்ற பேதம் இங்கே இரண்டாம்பட்சம். இவர்கள் எல்லாரும் இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சோறு தின்கிறவர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவனின் உடல் எப்போதும் அரை அடி முன்னால் சாய்ந்திருக்கும். நாகேஷின் வேகம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி அந்தச் சாய்வுதான்.

என்.எஸ். கிருஷ்ணன் காலத்தில் நகைச்சுவைப் பகுதி தனிக் கிளையாக எழுதப்பட்டுப் படத்தோடு சேர்க்கப்படுவதுண்டு. 1957இல் அவர் மறைந்த பின் வந்த நாகேஷை மையக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது பாலசந்தரின் எழுத்து. ‘சர்வர் சுந்தரம்’ முதலில் நாகேஷை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மேடை நாடகம். ஏ.வி.எம். தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. சர்வர் ஒருவன் சினிமாவில் நகைச்சுவை நட்சத்திரமாகிறான். காதலித்த பெண் நண்பனை விரும்புகிறாள். படப்பிடிப்பில் சிக்கிக்கொண்டிருக்கையில் தாய் இறக்கிறாள். புகழை உதறிவிட்டு அவன் மறுபடியும் சர்வர் வேலைக்கே திரும்புகிறான்.

இந்தப் படத்தை ஜெர்மானிய நடிகர் எமில் யானிங்ஸ் நடித்து, முர்னாவ் இயக்கிய ‘கடைசி மனிதன்’ (1924) என்ற மௌனப் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. யானிங்ஸும் மேடையிலிருந்து வந்தவர். பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவில் இருந்தவர். ஆஸ்கர் விருதுகள் தொடங்கியபோது முதல் சிறந்த நடிகர் விருது அவருக்கே போயிற்று. பின்னாளில் நாஜி ஆட்சியின் பிரச்சாரப் படங்களில் நடித்து அந்தப் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார். ‘கடைசி மனிதன்’ பெரிய ஓட்டல் ஒன்றின் வாயில்காப்போனைப் பற்றியது. பொத்தான் பளபளக்கும் சீருடையே அவன் மானம். வயதாகிவிட்டது என்று அவனைக் கழிவறை வேலைக்குத் தள்ளிச் சீருடையைப் பறிக்கிறார்கள். பறித்த கணத்தில் யானிங்ஸின் பெருத்த உடல் கூன் விழுந்து பாதியாகச் சுருங்குகிறது.

இரண்டு படங்களிலும் ஓட்டல், சீருடை, ஏவல் வேலை. ஆனால் உடலின் கணக்கு தலைகீழ். யானிங்ஸின் உடல் கனமானது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயின்ட் கேமராவைப் பீடத்திலிருந்து அவிழ்த்துவிட்டு அந்தக் கனத்தைச் சுற்றி நடக்க வைத்தார். நடிகர் மெல்ல அசைய, கேமரா பறந்தது. மேடை நாடகத்திலிருந்து வந்த நம் படங்களில் கேமரா பெரும்பாலும் வசனத்துக்குக் காவல் நின்றது. அது நகராத இடத்தில் நாகேஷ் நகர்ந்தார். ஃபிராயின்ட் இயந்திரத்தால் செய்ததை இவர் முழங்காலாலும் தோளாலும் செய்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கி ஏந்திவரும் சர்வர் சுந்தரத்தின் தோற்றம் இன்றைக்கும் யாருக்கும் நினைவிருக்கும். அடுக்கு வளைகிறது, உடலும் எதிர்ப்பக்கம் வளைந்து கொடுக்கிறது. சரிந்துவிடும் என்று காத்திருக்கும்போதே, அது பழகிய கையின் வேலை என்பதும் நமக்குத் தெரிகிறது. கோமாளித்தனத்துக்குள் தொழில்திறனைக் காட்டும் இந்த இடத்தில் அவர் வேலைக்காரனை ஏளனம் செய்யவில்லை. சர்வர் வேலையை இவ்வளவு அழகாகக் காட்டிய இன்னொரு தமிழ்ப் படத்தை என்னால் சொல்ல முடியவில்லை. முடிவும் அப்படியே. ஜெர்மானியனுக்குச் சீருடை போனது மரணம். சுந்தரத்துக்குச் சீருடைக்குத் திரும்புவது மீட்சி.

‘மேஜர் சந்திரகாந்த்’ எங்கள் கணியூர் போன்ற ஊரில் இருந்து பார்க்கும்போது கூடுதல் பொருள் பெறுகிறது. திருப்பூர் மாவட்டம் 2009 பிப்ரவரியில்தான் உருவானது. நாகேஷ் இறந்தது அதே ஆண்டு ஜனவரி 31. அவர் வாழ்ந்த காலத்தில் தாராபுரம் முதலில் கோவை மாவட்டத்திலும் பிறகு ஈரோட்டிலும் இருந்தது. இன்று அவர் பிறந்த ஊரும் எங்கள் ஊரும் பனியன் கம்பெனிகளின் பெயரால் அறியப்படும் மாவட்டத்தில் இருக்கின்றன. ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் உட்கார்ந்து பீஸ்ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற இந்தப் பகுதியில், தையல்காரன் என்பவன் கதைக்காக வைத்த வேடம் ஆகமாட்டான். படத்தில் தையல்காரர் மோகன், தன் தங்கையை ஏமாற்றிக் கைவிட்டவனைக் கொன்றுவிட்டுப் பார்வையிழந்த ஓய்வுபெற்ற மேஜரின் வீட்டில் தஞ்சம் புகுகிறான். செத்தவன் அந்த மேஜரின் மகன். மேஜராக நடித்த சுந்தர்ராஜனுக்கு அந்தப் பட்டமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. கொலையுண்ட பாத்திரத்தின் பெயரான ரஜினிகாந்த் பின்னாளில் பாலசந்தர் கையால் வேறொருவருக்குப் போய் வரலாறானது. மோகனின் பெயர் யார் நினைவிலும் இல்லை. தங்கையைத் தாயாக நின்று வளர்த்த உழைப்பாளியின் பாசமும், கொலைக்குப் பின் தன்னை நம்பும் பெரியவர் முன்னால் கூசிக் குறுகும் மனமும் அந்த வேடத்தில் இருக்கின்றன. சிரிக்க வைப்பவர் என்று முத்திரை குத்தப்பட்டவர் ஒரு கொலைகாரனுக்காக நம்மைப் பரிதவிக்க வைத்தார். இதை நகைச்சுவை நடிகரின் விதிவிலக்கு என்று ஒதுக்குவது விமரிசனச் சோம்பல்.

நாகேஷைத் தமிழகத்து ஜெர்ரி லூயிஸ் என்று அழைத்ததும் அந்தச் சோம்பலின் விளைவே. மெலிந்த உடல், ரப்பர்போல் வளையும் கைகால், முகச்சுளிப்பு ஆகியவற்றில் ஒற்றுமை உண்டு. ஆனால் லூயிஸ் திரையில் பொறுப்பறியாத குழந்தையாக வளையவந்தவர். உலகம் அவருக்காகக் காத்திருக்கும். நாகேஷின் மனிதர்களுக்குத் தாய் உண்டு, தங்கை உண்டு, கட்ட வேண்டிய கல்லூரிச் சம்பளம் உண்டு. குழந்தையாக இருக்க அவர்களுக்கு அவகாசமில்லை. பாலசந்தர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ (1965), ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடப்பது. அதிலும் மேடையின் வாசனை போகவில்லை. தனக்குப் புற்றுநோய் என்று அறியாத சேது வார்டு முழுவதும் ஓடிக் குறும்பு செய்கிறான். அவன் ஓட ஓட, சாவு தெரிந்த நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே படமாக்கிய ‘யாருக்காக அழுதான்’ (1966) படத்துக்கு நாகேஷைத் தேர்ந்தெடுத்ததை இங்கே நினைவுகூர வேண்டும். எதையும் பேசாமல் வாங்கிக்கொள்ளும் திருட்டுமுழி ஜோசப்பாக, தன் வேகத்தை முழுக்க அடக்கினார். பலர் அவரிடம் சிரிப்பை மட்டும் கேட்ட ஆண்டுகளில் எழுத்தாளர் ஒருவர் அவரிடம் மௌனத்தைக் கேட்டார், கிடைத்தது.

1970களில் சபா நாடகத்தின் செல்வாக்கும் அந்த நாடகங்களைப் படமாக்கும் வழக்கமும் தேய்ந்தன. நாகேஷின் மைய வேடங்களும் அதோடு குறைந்தன. வயதையும் சொந்த வாழ்க்கையின் துயரங்களையும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அவை எல்லார்க்கும் வருபவை. அவருடைய உடலுக்கு வேலை கொடுத்த ஒற்றை அரங்கம் திரையிலிருந்து மறைந்ததே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன். கேமரா வெளிப்புறம் போய், கிராமமும் வயலும் ரயில்வே நிலையமும் காட்சிக்கு வந்தன. 1977இல் ‘16 வயதினிலே’ வந்தபோது கவுண்டமணியின் பேச்சுக்கு இடம் திறந்தது. ஒரு கூடத்தை நிரப்பும் நடிப்புக்கு இடம் சுருங்கியது.

கமல்ஹாசன் அவரைத் திரும்ப அழைத்து வந்தபோது அந்த உடலைப் புதிய விதத்தில் பயன்படுத்தினார்கள். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) வில்லன் தர்மராஜில் பழைய துள்ளல் இல்லை. நிதானத்தில் விஷம் இருக்கிறது. ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் அவர் பிணம். வசனம் கிடையாது, கண் திறப்பு கிடையாது. மற்றவர்கள் தூக்கியும் சாய்த்தும் உட்கார வைத்தும் பார்க்கிறார்கள். பிணத்தின் கனத்தையும் தளர்வையும் மூட்டுக்கு மூட்டு அளந்து கொடுக்கத் தன் உடலின் ஒவ்வொரு இணைப்பையும் அறிந்த ஒருவரால்தான் முடியும். 40 ஆண்டுக்கு முன் வயிற்றுவலிக்காரனாக மேடையேறியபோது தொடங்கிய அறிவு அது.

அதே ஆண்டு கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘நம்மவர்’ வந்தது. மகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த பேராசிரியர் பிரபாகர் ராவாக அவர் துக்கத்தை நேராகத் தொடுவதில்லை. பேச்சு வழக்கம்போல ஓடப் பார்க்கிறது. நடுவழியில் கால் இடறியதுபோல் நிற்கிறது. மறுபடியும் ஓடப் பார்க்கிறது. அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது. விருது மகிழ்ச்சி தந்தது; பிரிவின் பெயர் என்னை உறுத்துகிறது. 1964 முதல் 1968 வரை சுந்தரமாகவும் சேதுவாகவும் மோகனாகவும் மாதுவாகவும் படங்களின் முழுப்பாரத்தையும் தோளில் சுமந்தவர் அவர். அந்த ஆண்டுகளின் நடிப்பைக் கதாநாயக நடிப்பாக எண்ணி, சிவாஜியின் நடிப்புக்கு எழுதப்படும் அளவுக்கு நெருங்கிய காட்சி ஆய்வை நாகேஷுக்கும் எழுதுவதே தமிழ் நாடக, திரை ஆய்வில் முதலில் நடக்க வேண்டிய வேலை. பாலசந்தரின் மேடைப் பிரதிகளையும் அவற்றின் திரை வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வசனம் குறைந்து உடல் நுழைந்த இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் அதற்கான அடித்தளம் கிடைக்கும்.